எக்ஸ்போவுக்கு முன்னால காப்புரிமை கேட்டாச்சா?

மதுரை திருப்பரங்குன்றத்தில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி முதல் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் வரை, மாணவர் குழுக்கள் புதுக் கருவி செய்ததும் ஓடுவது எக்ஸ்போவுக்குத்தான். சிக்கலே அங்கேதான். விண்ணப்பிக்கும் முன்பே கருவியின் சூட்சுமத்தை ஊருக்குக் காட்டிவிட்டால் 'புதுமை' போச்சு. காப்புரிமை கிடைப்பது கஷ்டம். அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு 12 மாத விலக்கு உண்டு. சாதாரண கல்லூரி எக்ஸ்போ அதில் வராது.

அதனால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்; குழுவுக்கு டீ-ஷர்ட் அடிக்கவே அதைவிட அதிகம் ஆகும்! முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம்.

யார் பெயரில் போடுவது? 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதக் கட்டணச் சலுகை இருப்பதால், 'காலேஜ் பேர்லயே போட்டுடலாம்' என்பார்கள். கண்டுபிடிப்பாளர்களாக உங்கள் பெயர் இருக்கும்; உரிமை கல்லூரிக்கு. நாளைக்கு நீங்களே கம்பெனி தொடங்கினால், அவர்களிடம்தான் லைசென்ஸ் கேட்க வேண்டும்.