உழவர் சந்தையும் ஊர்க் கடைத்தெருவும்

ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலேயே நெல் உமி கிடைத்திருக்கிறது. விளைவிப்பது நமக்குப் புதுசல்ல. விற்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். தரகர் சொன்ன விலைக்குக் கத்தரிக்காய் மூட்டையை இறக்கி, கமிஷனும் கூலியும் போக மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு வருகிறோம்.

1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். தூத்துக்குடியிலும் ஒன்று உண்டு. கடைக்கு வாடகையில்லை, தரகில்லை, தராசும் இலவசம். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று அன்றன்று விலை வைக்கிறார்கள். இடையில் போகிற காசு விற்கிறவருக்குக் கொஞ்சம், வாங்குகிறவருக்குக் கொஞ்சம்.

இதற்கு அடையாள அட்டை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி, புகைப்படத்தோடு சந்தை அலுவலரைப் பாருங்கள். வெளியில் வாங்கி விற்கக் கூடாது.

ஒரு கூடைக் காய்க்குத் தனி வண்டி கட்டுபடியாகாது. நாலைந்து பேர் சேர்ந்து ஏற்றுங்கள். முந்தின நாள் வெயில் தாழ்ந்தபின் பறியுங்கள். கீரையை ஈரச்சாக்கில் சுற்றுங்கள்.

விற்ற கையோடு அங்குள்ள கடைகளிலேயே துணிமணி, பலசரக்கு வாங்கினால் கடைத்தெரு அண்ணாச்சிமாரும் பிழைப்பார்கள். காய் வாங்க வருகிற சனமும் அவர்கள் கடைப்படி ஏறும்.

ஒன்று, தோப்பு முழுக்க வெட்டின வாழைத்தாரை இங்கே தீர்க்க முடியாது. அதற்கு மொத்த வியாபாரிதான். காய்கறி, கீரைக்கே இது தோது.