ஆப்பில் 900 ரூபாய்... கையில் எவ்வளவு?

உணவு டெலிவரி, பைக் டாக்ஸி, பார்சல் என்று ஆப் மூலம் வேலை பார்ப்பவரா நீங்கள்? இரவு லாக்-அவுட் செய்யும்போது திரையில் வரும் தொகையைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வரவு. அதில் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

தேங்காய்த்திட்டில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், நேரு வீதி, அண்ணா சாலைப் பக்கம் உணவு எடுத்து டெலிவரி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு ஆன்லைனில் வந்தால் இரவு 10 வரை. ஆப் காட்டுவது 900 ரூபாய். (எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.)

முதலில் பெட்ரோல். அரியாங்குப்பத்தில் ஆர்டரைக் கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு திரும்புவதும் உங்கள் பெட்ரோல்தான். அதனால் ஆப் சொல்லும் தூரத்தை விடுங்கள். காலையிலும் இரவிலும் வண்டியின் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். 90 கி.மீ. ஓடியிருக்கிறது, மைலேஜ் 45, லிட்டர் 96 ரூபாய் என்றால் செலவு 192 ரூபாய்.

பலரும் விட்டுவிடுவது வண்டித் தேய்மானம். 90,000 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கூட்டரை 4 வருடம் ஓட்டி 30,000-க்கு விற்றால், நடுவில் போன 60,000 யாருடையது? வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் தினமும் 50 ரூபாய். ஆயில், டயர், பிரேக், சர்வீஸ் 60. ரீசார்ஜும் இன்சூரன்சும் 20. பெட்ரோலோடு மொத்தம் 322. கையில் மிஞ்சுவது 578.

இனி நேரம். ஆர்டர் கையில் இருந்தது 6 மணி நேரம்தான் என்று சொல்லி 900-ஐ 6-ஆல் வகுத்தால், மணிக்கு 150 ரூபாய் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்! ஆனால் ஓட்டல் வாசலில் நின்ற நேரமும் உங்கள் நேரம். 578-ஐ 11-ஆல் வகுங்கள். மணிக்கு 52 ரூபாய்.

இது போதுமா? இதற்கு நம் நாட்டில் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தை 3 நுகர்வு அலகுகளாக எடுத்துக்கொண்டு, உணவு, வருடத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் மற்றும் இதர செலவு என்று கணக்கிட்டது. உணவுக் கணக்குக்கு அடிப்படை, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்ட் பரிந்துரைத்த 2,700 கலோரி. பிறகு 1991-ல், சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கில் (ரெப்டகோஸ் பிரெட்), பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இந்தக் கணக்கில் பெட்ரோல் கிடையாது. ஆலையில் இயந்திரமும் அதற்கு எண்ணெயும் முதலாளியுடையவை அல்லவா? அதனால்தான் உங்கள் வண்டிச் செலவை முதலிலேயே கழித்தோம்.

அதே முறையில் உங்கள் வீட்டுச் செலவை எழுதுங்கள். மாதம் 24,000 ரூபாய் தேவை, 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 923. இதை 8-ஆல் வகுக்க வேண்டும், 11-ஆல் அல்ல. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த 8-ன் விலை தெரியும். 1936 ஜூலை 30-ல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. ஆக, மணிக்குத் தேவை சுமார் 115 ரூபாய், கிடைப்பது 52. 11 மணி நேரம் உழைத்தும் மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் துண்டு விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்ச ஊதியம் 'பணியாளர்'களுக்கானது. ஆப் வேலை செய்பவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. அது பாதுகாப்பு நிதி. கூலி விகிதம் அல்ல. நியூயார்க் நகரில் உணவு டெலிவரிக்கு 2023 டிசம்பர் முதல் மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சத் தொகை நிர்ணயித்தார்கள். அதில் வாகனச் செலவும் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வந்தன. நாம் மேலே போட்டதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

இப்போதைக்கு, இ-ஷ்ரம் இணையதளத்தில் பதிவு செய்யாதவர்கள் செய்துவிடுங்கள். ஆதாரோடு இணைத்த போன் எண் வேண்டும். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அங்கே பதியும் ஆப் தொழிலாளர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு உண்டு என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் உதவி எண் 14434.