பாலின் கொழுப்பு மூளையைச் சேரும் வழி

நீரிழிவு முற்றியவரின் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வீசினால், ரத்தத்தில் கீட்டோன்கள் அளவு மீறிப் பெருகிவிட்டன என்று வைத்தியர்கள் பதறுவார்கள். கீட்டோன் என்றாலே விஷம் என்னும் எண்ணம் படித்தவர் மனத்திலும் வேரூன்றியிருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அதே பதார்த்தத்தைப் பாலுண்ணும் சிசுவின் சரீரம் எவ்வளவு சாமர்த்தியமாக உபயோகித்துக்கொள்கிறது என்று அறிந்தவர்களுக்கு, இந்த அபவாதம் பெரும்பாலும் அநியாயமானது என்றே தோன்றும்.

கீட்டோன்களின் பிறப்பிடம் கல்லீரல். கொழுப்பை உடைத்து, அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்னும் இரண்டையும் அது தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. தான் செய்த சரக்கைத் தானே எரித்துக்கொள்ள வேண்டிய என்ஸைம் மட்டும் அதனிடம் இல்லை. வாரக்கணக்கில் உபவாசமிருந்த மனிதரின் மூளை, குளுக்கோஸுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கீட்டோன்களையே எரித்துக் காலந்தள்ளுகிறது என்று 1967-இல் அமெரிக்காவில் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் கேஹில் முதலியோர் காட்டினார்கள். எலிக்குஞ்சுக்கோ பட்டினி கிடக்கவே அவசியமில்லை. அதன் தாய்ப்பாலில் சர்க்கரை சொற்பம், கொழுப்பு மிகுதி ஆதலால், வயிறு நிறைந்திருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன்கள் பெருகிவிடுகின்றன. 1971-இல் ஹாக்கின்ஸ், வில்லியம்ஸன், ஹான்ஸ் கிரெப்ஸ் ஆகிய மூவரும் அளந்து பார்த்தபோது, ரத்தத்தில் கீட்டோன்கள் சம அளவில் இருந்தாலும், வளர்ந்த எலியின் மூளையைக் காட்டிலும் குஞ்சின் மூளை அவற்றை மூன்று நான்கு மடங்கு அதிகமாக எடுத்துக்கொள்வது தெரியவந்தது.

எடுத்துக்கொண்டதையெல்லாம் அது எரித்துவிடுவதில்லை என்பதுதான் விசேஷம். ஈரம் நீக்கிய மூளையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பினமே. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையிலோ, அது 70 சதவீதத்துக்கும் மேல். எலிக்கு இவ்வுறை பெரும்பாலும் பிறந்தபின், முதல் சில வாரங்களில் படிகிறது. ரத்தத்தில் உலவும் கொலஸ்டிரால் மூளைக்குள் நுழையாதபடி இயற்கை காவல் வைத்திருப்பதால், வேண்டிய கொலஸ்டிராலை மூளை தானே நிர்மாணித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காவலைக் கடந்து உள்ளே போகும் அனுமதி கீட்டோன்களுக்கு உண்டு.

உள்ளே போன அசிட்டோஅசிட்டேட்டின் கதியை நிர்ணயிப்பவை என்ஸைம்கள். உயிரணுவின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு வகை என்ஸைம் அதைப் பற்றிக்கொண்டால் அது எரிந்து சக்தியாகிறது. உயிரணுவின் மற்றப் பகுதியில் திரவமாயுள்ள இடத்திலோ, அசிட்டோஅசிட்டைல் கோ-ஏ சிந்தட்டேஸ் என்னும் வேறோர் என்ஸைம் காத்திருக்கிறது. உயிரணுவின் சக்திச் சேமிப்பான ஏடிபியைச் செலவிட்டு அது அசிட்டோஅசிட்டேட்டை அங்கேயே வினைக்குத் தயாராக்குகிறது. அதன்பின் அப்பொருள் பல படிகள் ஏறிக் கொலஸ்டிராலாகலாம். அல்லது இரண்டாகப் பிளந்து கொழுப்பு அமிலங்களாக நீளலாம். பின்னிரண்டு மார்க்கங்களையும் விளக்கியதற்காகத்தான் கான்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

குளுக்கோஸிலிருந்து கொழுப்பு செய்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் காரியம்: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து, சிட்ரேட்டாக வேஷம் மாறி வெளியே வந்து, அங்கே மறுபடி உடைந்தால்தான் அது உபயோகப்படும். அசிட்டோஅசிட்டேட்டுக்கு இந்தப் பிரயாணம் தேவையில்லை. ஆகவே, கட்டுமான வேலை மும்முரமாக நடக்கும் பருவத்தில் இளம் மூளையும் முதுகுத் தண்டும் இதனிடம் பிரியம் காட்டுவது ஆச்சரியமன்று. பால்குடி மறந்தபின் ஆகாரம் மாறுகிறது. கீட்டோன் வரத்துக் குறைய, எலியின் மூளையில் அவற்றைக் கையாளும் என்ஸைம்களின் வேகமும் தணிந்துவிடுகிறது.

இவற்றுள் பெரும்பாலானவை எலியில் கண்டவை என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. மனிதத் தாயின் பாலில் லாக்டோஸ் 7 சதவீதம், கொழுப்போ 4 சதவீதமளவே. நம் குழந்தையின் மூளையும் கீட்டோன்களை ஏற்றுக்கொள்கிறது என்பது மெய்யே ஆயினும், எலிக்குஞ்சின் கணக்கை அப்படியே எடுத்து அதற்குப் பொருத்திவிடுவது தகாது.