கடல் கடந்து வரும் வீட்டுச் சாமான்களும் சுங்கத் தாள்களும்

குரோம்பேட்டையிலிருந்து சேலையூருக்கு வீடு மாற்ற ஒரு லாரியும் நான்கு ஆட்களும் போதும். கட்டில், பீரோ, அம்மி, பூந்தொட்டி எல்லாம் ஏறிவிடும். வழியில் யாரும் லாரியை நிறுத்தி, “இந்தப் பீரோ யாருடையது? எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறீர்கள்? என்ன விலை பெறும்?” என்று கேட்பதில்லை. ஆனால் அதே குடும்பம் மஸ்கட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சேலையூருக்குக் குடிவரும்போது இந்த மூன்று கேள்விகளும் தவறாமல் எழுகின்றன. கேட்பவர் சுங்க அதிகாரி. அவருக்கு வாய்மொழியாகச் சொல்லும் பதில் போதாது. தாளில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள்களைப் பற்றி நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

சுங்கம் எதற்கு?

சுங்கம் தமிழருக்குப் புதியதன்று. அதன் பழைய பெயர் உல்கு. அரசனுடைய வருவாய்களுள் ஒன்றாக வள்ளுவர் அதைக் குறிப்பிடுகிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழ அரசின் அலுவலர்கள் பண்டங்களுக்குப் புலி முத்திரையிட்டுக் காத்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியமையால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

அயல்நாட்டிலிருந்து விற்பனைக்கு வரும் பொருள்களுக்கு அரசு தீர்வை விதிக்கிறது. அதனால் அரசுக்கு வருவாய் கிடைக்கிறது. உள்நாட்டுத் தொழில்களுக்கும் பாதுகாப்பு ஏற்படுகிறது. ஆனால் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் புழங்கிய பாயும் பாத்திரமும் விற்பனைச் சரக்கு அல்ல. அவற்றுக்கும் முழுத் தீர்வை கேட்பது முறையாகாது. அதே சமயம், ‘வீட்டுச் சாமான்’ என்று சொன்னவுடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், விற்பதற்காகப் பத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டு வருபவரும் அதையே சொல்வார். குடும்பத்தின் பொருளையும் வியாபாரப் பொருளையும் பிரித்தறிவதற்கே தாள்கள் தேவைப்படுகின்றன.

நம் நாட்டின் சுங்கச் சட்டம் 1962ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பயணச் சாமானில் உள்ளவற்றை அதன் உரிமையாளரே அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று 77ஆம் பிரிவு கூறுகிறது. பயணியும் அவர் குடும்பத்தாரும் உண்மையாகவே பயன்படுத்தும் பொருள்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டுத் தீர்வை விலக்கு அளிக்க 79ஆம் பிரிவு வழி செய்கிறது. நம்முடன் வராமல், தனியே கப்பலிலோ விமானத்திலோ வரும் பெட்டிகளும் பயணச் சாமான்களே. மோட்டார் வண்டி மட்டும் இதில் சேராது. காருக்கு விதிகள் வேறு.

இரு கரைகள், இரு சுங்கங்கள்

நாடு விட்டு நாடு வரும் வீட்டுச் சாமான் இரண்டு சுங்கங்களைக் கடக்க வேண்டும். ஒன்று புறப்படும் நாட்டினுடையது. மற்றொன்று சேரும் நாட்டினுடையது. முதலாவதைப் பற்றிப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அது எவ்வளவு வலியது என்பதை 1964ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். சேர்த்த பணத்தையும் நகைகளையும் எடுத்துவர அந்நாட்டு அதிகாரிகள் இடம் தரவில்லை. அவ்வாறு வந்தவர்கள் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே வரிசையாகக் கடை வைத்துப் பிழைத்த இடமே பர்மா பஜார். சென்னையின் சுங்க மாளிகையும் அதே ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள 1974இல் இணங்கினார்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள்.

அந்த ஒப்பந்தத்தில் அவர்களுடைய உடைமைகளைப் பற்றியும் ஒரு பிரிவு எழுதப்பட்டது. இந்தியாவுக்குத் திரும்புவோர், சேமநல நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துக்களை எடுத்துச் செல்லலாம். அந்நியச் செலாவணி விதிகள் அவர்களிடம் பாரபட்சம் காட்டக் கூடாது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பை ரூ. 4,000க்குக் கீழே குறைக்கக் கூடாது. இன்று நமக்கு அது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலத்தில் எந்த அதிகாரியும் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட முடியாதபடி அந்த ஒரு வரி காத்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அத்தகைய வரி எதுவும் துணை நிற்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எனவே தாயகம் திரும்பியோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல ஊர்களுக்கும் பிரிந்து போனார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. இவ்வாறு வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்கள் கையில் இருந்தவை பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் சில பெட்டிகளுமே. அப்படிப்பட்டவர்களுக்குச் சாமான் பட்டியல் என்பது வெறும் அலுவலகச் சடங்கு ஆகாது. அவர்களுடைய வாழ்நாள் உழைப்புக்கு அதுவே சான்று.

நாட்களின் கணக்கு

இனி நம் காலத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பயணச் சாமான் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெளிநாட்டில் எவ்வளவு காலம் வாழ்ந்தோமோ அதற்கு ஏற்றவாறு சலுகையும் கூடும் என்பது அவற்றின் அடிப்படை. மூன்று முதல் ஆறு மாதம் இருந்தவருக்கு ரூ. 60,000 வரையும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இருந்தவருக்கு ரூ. 1,00,000 வரையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஓராண்டாவது இருந்தவருக்கு ரூ. 2,00,000 வரையும், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தவருக்கு ரூ. 5,00,000 வரையும் வீட்டுச் சாமான்களுக்கு விலக்கு வகுக்கப்பட்டது. இந்தத் தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றுவதால், புறப்படும் முன் அன்றைய விதியைக் கேட்டறிய வேண்டும்.

கடைசி வகையினருக்கு மேலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்துபோன நாட்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. முந்திய மூன்று ஆண்டுகளில் இதே சலுகையைப் பெற்றிருக்கவும் கூடாது.

தாம்பரத்தைச் சேர்ந்த ஒருவர் மஸ்கட்டில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு ஆண்டுகளில் தங்கையின் திருமணத்துக்கு 45 நாள், தாயாரின் நோய்க்காக 60 நாள், விடுமுறைக்கு 30 நாள் ஊருக்கு வந்திருக்கிறார். மொத்தம் 135 நாட்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாகையால் அவருக்குச் சலுகை உண்டு. நாட்கள் மிகுந்துவிட்டாலும், தக்க காரணம் காட்டி மேலதிகாரியிடம் மன்னிப்புக் கோர விதியில் இடமிருந்தது. இந்தக் கணக்குக்கெல்லாம் ஆதாரம் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளே. ஆகவே பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தனியே அனுப்பும் பெட்டிகளுக்கும் காலவரையறை உண்டு. அதே விதிகளின்படி, பயணி வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அவை அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். பயணிக்கு முன்னதாக வருமானால் இரண்டு மாதத்துக்கு மேல் முந்தக் கூடாது. திடீர் நோய், இயற்கைச் சீற்றம், கலவரம் போன்ற காரணங்கள் இருந்தால் அதிகாரி இந்தக் காலத்தை நீட்டிக்கலாம்.

பட்டியல் எழுதும் முறை

எல்லாத் தாள்களிலும் முதன்மையானது சாமான் பட்டியல். அதை மூட்டை கட்டிய பிறகு நினைவிலிருந்து எழுதாமல், கட்டும்போதே எழுத வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் இட்டு, உள்ளே உள்ள பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, பழையதா புதியதா, இன்றைய மதிப்பு என்று வரிசையாகக் குறிக்க வேண்டும். ‘இதர சாமான்கள்’ என்று எழுதினால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றும். ‘எவர்சில்வர் பாத்திரம் 14, போர்வை 6, பள்ளிப் புத்தகம் 20’ என்று எழுதினால் அது ஒரு குடும்பத்தின் பெட்டி என்பது தெளிவாகும்.

மின் சாதனங்களின் அளவையும் குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளில் 300 லிட்டர் வரையிலான குளிர்பதனப் பெட்டி வீட்டுச் சாமான் விலக்கில் அடங்கியது. அதற்கு மேற்பட்டது அடங்கவில்லை. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் அடங்கவில்லை. புதிதாக வாங்கிய பொருள்களின் ரசீதுகளைப் பட்டியலுடன் சேர்த்து வைக்க வேண்டும்.

தொழிலாளிகள் தம் கருவிகளை மறக்கலாகாது. 1998ஆம் ஆண்டு விதிகள் தச்சர், குழாய் வேலை செய்பவர், பற்றவைப்பவர், கொத்தனார் முதலியோரின் கருவிகளைத் தொழிற்கருவி என்று தனியாகவே குறிப்பிட்டன. அழகுப் பொருள் போனால் மீண்டும் வாங்கலாம். இழைப்புளியும் துளையிடும் கருவியும் போனால் மறுநாள் பிழைப்பே போகும். அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

வந்து சேர்ந்த பின்

கப்பலில் வரும் பெட்டிகள் சென்னைத் துறைமுகத்துக்கும் விமானத்தில் வருபவை மீனம்பாக்கத்துக்கும் வரும். அவற்றைப் பெறுவதற்கு பாஸ்போர்ட், சாமான் பட்டியல், கையெழுத்திட்ட அறிவிப்புப் படிவம், கப்பல் அல்லது விமான நிறுவனம் கொடுத்த சரக்குச் சீட்டு, வேலை முடிந்ததற்கான கடிதம், ரசீதுகள், பெட்டிகளின் சாவிகள் ஆகியவை வேண்டும். கிளியரிங் ஏஜெண்டை அமர்த்தினாலும், படிவத்தை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்; அறிவிப்புக்குப் பொறுப்பு உரிமையாளருடையது.

அதிகாரி சில பெட்டிகளைத் திறந்து பட்டியலோடு ஒப்பிடுவார். மறைத்த பொருள் அகப்பட்டால் அதைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. காலதாமதமும் தீங்கே. இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்காத சரக்கை, அறிவிப்புக் கொடுத்து விற்றுவிடவும் சட்டத்தில் வழியுண்டு. இதற்கிடையில் கிடங்கு வாடகையும் ஏறிக்கொண்டே போகும்.

தோழியரே, நம் பகுதியில் அயல்நாட்டில் தந்தையோ தமையனோ வேலை பார்க்கும் வீடுகள் பல. அவர்கள் திரும்பும் காலத்தில் படிவத்தில் கையெழுத்திடுவது பெரியவர்களின் பொறுப்பு. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெட்டி எண்ணிட்டு, ஊருக்கு வந்துபோன நாட்களைக் கூட்டி, பொருள்களை ஒன்றுவிடாமல் தெளிவான கையெழுத்தில் எழுதித் தருவது பத்தாம் வகுப்பு மாணவியால் முடியாத காரியம் அன்று. அடுத்த முறை அப்பா ஊருக்கு வந்து செல்லும்போது, அவர் வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் குறித்து வைத்து இந்த வேலையைத் தொடங்கலாம்.