கோடியக்கரைக்குப் போறீங்களா? ரெண்டடி தள்ளியே நில்லுங்க!

லீவு விட்டா ஊட்டி, கொடைக்கானல்னுதான் பிளான் போடுவோம். இந்தத் தடவை வேதாரண்யம் பக்கத்துல இருக்கிற கோடியக்கரைக்குப் போய்ப் பாருங்களேன். 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. 2002-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

புல்வெளியில் வெளிமான்களைத் தேடுங்க. முறுக்குக் கொம்போட கருப்பா நிக்கிறது வளர்ந்த ஆண். கொம்பில்லாம பழுப்பு நிறத்துல இருக்கிறது பெண். அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிக்கிட்டு வர்றது மான்களுக்குப் பெரிய சிக்கல்.

நவம்பர் முதல் ஜனவரி வரை சதுப்பு நிலத்துப் பக்கம் போங்க. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகாலேயே தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். அதன் இளஞ்சிவப்பு, உணவில் உள்ள கரோட்டினாய்டு நிறமியால் வருவது.

கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவை சைபீரியா வரை திரும்பப் பறக்கணும். அதுக்கான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்குது. நம்ம செல்ஃபிக்காக அந்தக் கூட்டம் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அந்தச் சேமிப்பு கரையுது.

அதனால காலையிலேயே போங்க, பைனாகுலர் எடுத்துக்கோங்க, பளிச்சுன்னு சட்டை வேண்டாம். மேயுற மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தா, கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். அங்கேயே நில்லுங்க. அது மறுபடி மேய ஆரம்பிச்சா, நீங்க சரியாப் பார்க்கக் கத்துக்கிட்டீங்க!