வலிக்காது, ஆனால் சிவந்திருக்கும்: பாட்டியின் பல்செட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது?

போன மாதம் உத்திரமேரூர் போயிருந்தபோது பாட்டியிடம் பல்செட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். லேசில் சம்மதிக்கவில்லை. "எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே, எதுக்குப் பாக்கணும்?" என்றார். கெஞ்சிக் கூத்தாடிக் கழற்ற வைத்து, மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேல் அண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தது. அதுவும் வாய் முழுக்க இல்லை. பல்செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ, சரியாக அங்கேயே சிவப்பும் முடிந்திருந்தது.

இதை டென்ச்சர் ஸ்டொமடைடிஸ் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். பல்செட்டுக்கு அடியில் இருக்கும் வாயின் உள்சவ்வில் ஏற்படும் அழற்சி. அரிதான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், கழற்றி மாட்டும் பல்செட் போடுபவர்களில் 15 முதல் 70 சதவீதம் பேர் வரை இது இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. சிலருக்குக் காரம் பட்டால் எரியும், ருசி மாறும், வாய் நாறும், கடைவாய் ஓரத்தில் வெடிப்பு வரும். ஆனால் நிறைய பேருக்கு எதுவுமே தெரியாது. வலி இல்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் போவார்களா என்ன?

சரி, ஏன் சிவக்கிறது? மேல் பல்செட் அண்ணத்தோடு உறிஞ்சிப் பிடித்தபடி ஒட்டி நிற்கிறது. அதனால்தான் பேசும்போது கீழே விழுவதில்லை. அதே காரணத்தால், அதன் அடியில் எச்சில் சரியாகப் போய் வர முடியாது. எச்சில் என்பது வெறும் தண்ணீர் இல்லை. கிருமிகளைக் கழுவித் தள்ளுவதும், கிருமியை எதிர்க்கும் புரதங்களைக் கொண்டு வருவதும் அதுதான். அது போகாத இடத்தில், ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் சும்மா இருக்கும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை பெருகத் தொடங்குகிறது. கீழ் பல்செட்டின் அடியில் இந்தத் தொல்லை குறைவு. அது அண்ணத்தை மூடுவதில்லை, ஈறின் மேல் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது.

பல்செட்டும் இதற்குத் துணைபோகிறது. அது அக்ரிலிக்கில் செய்தது. வெளிப்பக்கத்தைப் பளபளவென்று பாலிஷ் போடுவார்கள். அண்ணத்தைத் தொடும் உள்பக்கத்தைப் பாலிஷ் போட்டால் அளவு மாறிவிடும் என்பதால் அப்படியே விடுவார்கள். அந்தச் சொரசொரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகளிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் ராப்பகலாகச் சவ்வை உரசிக்கொண்டிருந்தால் உடம்பு சும்மா இருக்குமா? ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சிவக்கிறது, நாளாக ஆக வீங்குகிறது. நியூட்டன் என்ற ஆய்வாளர் 1962-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். முதலில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், அடுத்தது பரவலான சிவப்பு, மூன்றாவதில் அண்ணத்தின் நடுவே சின்னச் சின்ன முடிச்சுகள். இன்றும் மருத்துவர்கள் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று, பல் போன பிறகு தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். பத்து வருஷத்துக்கு முன் கச்சிதமாக இருந்த செட் இப்போது ஆடும், உரசும், அழற்சி இன்னும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், ராத்திரியும் போட்டுக்கொண்டே தூங்குவது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். சவ்வுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நேரத்தையும் பறித்துக்கொள்கிறோம். விஷயம் வாயோடு நிற்பதும் இல்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ராத்திரி யாராச்சும் கதவத் தட்டினா பொக்க வாயோடவா போய் நிக்கிறது?" தாத்தா இருந்தவரை அவர் முன்னால்கூடக் கழற்றியதில்லையாம். எனக்குப் பதில் வரவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுகிறோம், ஆனால் கூச்சம் அது. ஆகவே 'கழற்று, கழற்று' என்று நச்சரிப்பதைவிட, படுக்கைப் பக்கத்திலேயே மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் வைத்துக் கொடுப்பது வேலை செய்யும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேரம் முடிந்தது. கதவைத் தட்டினால் எடுத்து மாட்ட அரை நிமிஷம் போதும்.

சுகர் இருப்பவர்கள் வீட்டில் இன்னும் கவனம் தேவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வாய் வறளும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும், அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களுக்கும் இதே நிலைதான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சுகர், பிபி மாத்திரை கிராமத்து வீட்டு வாசலுக்கே வருகிறது. பல்செட்டைக் கழற்றி டார்ச் அடிக்கும் வேலையை, ஊருக்குப் போகும் நாம் செய்துவிடலாம்.

சுத்தம் செய்வதில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தப்புகள்தான் அதிகம். பல்பொடி, சாம்பல், ஏன் சாதாரண டூத்பேஸ்ட்கூட அக்ரிலிக்கில் கீறல் போடும். ஒவ்வொரு கீறலும் பூஞ்சைக்கு ஒரு வீடு. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செட் கோணிக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பும் போதும், உள்பக்கத்தை மறக்காமல் தேய்க்க வேண்டும். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தேய்த்தால், கை நழுவினாலும் உடையாது. ராத்திரி தண்ணீரில் ஊறட்டும், காயவிட்டாலும் வடிவம் மாறலாம். அண்ணத்தையும் நாக்கையும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'வாய்ப்புண்' என்று சொல்லி பி காம்ப்ளக்ஸ் வாங்கி வருவதில் பலன் இருக்காது. பூஞ்சைக்கான மருந்து வேறு. அதை டாக்டர் எழுதித் தந்தாலும், வாய்க்கு மட்டும் தடவிவிட்டு அழுக்கு செட்டையே திரும்ப மாட்டினால் மறுபடி வந்துவிடும், ஏனென்றால் பூஞ்சை குடியிருப்பது செட்டில். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிகள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மைக்கோனசோல் ஜெல்லும் அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. செட் ஆடுகிறது என்றால் உள்பக்கம் புது லைனிங் போடலாம், ரொம்பப் பழசு என்றால் மாற்றுவதே நல்லது.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கெட்டியான வீக்கம், இதெல்லாம் இருந்தால் பல்செட் உரசல்தான் என்று விட்டுவிடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். டாக்டர் வாயைப் பார்ப்பதோடு செட்டையும் புரட்டிப் பார்ப்பார். பழைய செட் பரணில் கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.