பல் பிடுங்கப் போகிறீர்களா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

பல் வலி. இரவெல்லாம் தூக்கம் இல்லை. கன்னம் வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கியே தீரவேண்டும்.

மற்றவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. ஆனால் இருதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவருக்கு?

அவர் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் எளிதில் உறையாதபடி தடுக்கும் மாத்திரை அது. "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்பார்கள். உண்மையில் ரத்தம் இளகுவது இல்லை. உறைவதற்கு நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

"பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காதே!" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். "நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்கிறார்.

அந்த யோசனையில்தான் ஆபத்து இருக்கிறது!

வால்வில் கட்டி

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான "சித்ரா" வால்வு, முதன் முதலாக 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க வசதி இல்லாத ஏழைகள் பலர் அதனால் உயிர் பிழைத்தார்கள்.

ஆனால் உலோக வால்வு எதுவானாலும் ஒரு தொல்லை உண்டு. அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே தங்கிவிட்டால் வால்வு திறந்து மூடாது. அதனால்தான் ஆயுள் முழுவதும் மாத்திரை.

மாட்டுத் தீவனத்தில் கிடைத்த மருந்து

இந்த மருந்து பிறந்த கதை விசித்திரமானது.

1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் திடீர் திடீரென்று செத்தன. கொம்பைச் சீவினால் போதும், ரத்தம் நிற்காமல் கொட்டும். கெட்டுப்போன தீவனப் புல்லே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். புல்லில் இருந்த விஷம் எது என்பது தெரியவில்லை.

1933 பிப்ரவரியில், கொட்டும் பனியில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய சீடர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு, புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் "வார்பரின்".

1948-ல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது! பிறகு மனிதருக்கும் மருந்தானது. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியதே, அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கும் இந்த மருந்தைத்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் பலர் சாப்பிடும் "அசிட்ரோம்" இதே இனம்தான்.

எது பெரிய ஆபத்து?

அமெரிக்கப் பல் டாக்டர் மைக்கேல் வால் என்பவர், பலர் எழுதிய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டி 2000-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். மாத்திரையை நிறுத்தாமல் பல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 950-க்கு மேல். அவர்களில் 12 பேருக்குத்தான் ரத்தத்தை நிறுத்த வாயில் செய்யும் சிகிச்சை போதாமல் போயிற்று. மாத்திரையை நிறுத்தியவர்கள் 526 பேர். அவர்களில் 5 பேருக்கு ரத்தக்கட்டியால் பெரும் கேடு வந்தது. 4 பேர் மாண்டார்கள்.

வாயில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். கையால் அழுத்தலாம், தையல் போடலாம். மூளைக்குள் அடைக்கும் கட்டியை யார் அழுத்துவது?

எப்படிப் பிடுங்குகிறார்கள்?

முதலில் "ஐ.என்.ஆர்." என்ற ரத்தப் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாதவருக்கு இது சுமார் 1 இருக்கும். வால்வுக்காரருக்கு 2, 3 என்று டாக்டர்கள் வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பார்கள். 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கலாம் என்கிறது பிரிட்டனில் பல் டாக்டர்கள் பின்பற்றும் விதி. பரிசோதனை 24 மணி நேரத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். அளவு ஏறி இறங்காதவருக்கு 72 மணி நேரம் வரை செல்லும்.

காலை நேரத்தில் பிடுங்குவது நல்லது. ரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பிப் போகலாம் அல்லவா! பல பற்கள் கெட்டிருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கமாட்டார்கள். பல் இருந்த குழியில், ரத்தத்தை உறைய வைக்கும் பஞ்சு போன்ற பொருளை வைத்துத் தையல் போடுவார்கள். வால்வு பொருத்தியவருக்குக் கிருமிகள் இருதயத்தைத் தாக்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு மருந்தும் உண்டு. ஆகவே வால்வு விஷயத்தைப் பல் டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

"ஸ்டென்ட்" வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுவார்கள். அவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளில் சில சமயம் காலை வேளையை மட்டும் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருதய ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி, வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு இருதய டாக்டரும் பல் டாக்டரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு யோசனை எதற்கு?

வீட்டுக்கு வந்த பிறகு

வாயில் வைத்த துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிக்கக் கூடாது. துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. சூடான காப்பி வேண்டாம். பீடி, சிகரெட் கூடவே கூடாது. எச்சிலில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை! புரூபன், டைக்ளோபெனாக் போன்றவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பல் வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், வார்பரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரை எகிற வைத்துவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சுத்தமான துணியைச் சுருட்டி வைத்து அரை மணி நேரம் கடித்தும் ரத்தம் நிற்கவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும், கடைசி ஐ.என்.ஆர். சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.